வீடியோ விளையாட்டுகளும் திரைச் சண்டைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு கடையின் மேல்மாடியில் சனி, ஞாயிறு தினங்களில் தகவல் தொழில்நுட்ப வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு முடியும் நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல வரும் பெற்றோர் படிக்கட்டில் நின்று கேட்பவையும், பாடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கேட்பவையும் ஏறக்குறைய ஒரே கேள்விகளாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சேர், உலகத்தில முதல் வந்த வீடியோ கேம் போங் தானே?

அல்ல. திரையில் மட்டையால் பந்தை அடிக்கும் போங் என்ற விளையாட்டு அட்டாரி நிறுவனத்திடமிருந்து 1972இல் வந்தது. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னர், 1958 ஒக்டோபரில், நியூயோர்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தைப் பார்வையிட வரும் பொதுமக்களுக்காக வில்லியம் ஹிகின்பொதம் என்ற பௌதிகவியலாளர் ஒசிலோஸ்கோப் (மின்சமிக்ஞையைக் கோடாகக் காட்டும் அளவைக் கருவி) திரையில் டென்னிஸ் ஆடும் ஒரு கருவியை அமைத்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு திருகியும் ஒரு பொத்தானும் இருந்தன. வலைக்கு மேலாக ஓர் ஒளிப்புள்ளி போய் வந்தது. முதல் அணுகுண்டுக்கான இலத்திரனியல் வேலைகளில் ஈடுபட்டிருந்த அதே மனிதர்தான் இந்தச் சாதுவான டென்னிஸையும் செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

1962இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் ஸ்பேஸ்வோர் என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் நடுவிலுள்ள ஒரு விண்மீனின் ஈர்ப்புக்குள் விழுந்துவிடாமல் சுற்றிவந்து ஒன்றையொன்று சுட வேண்டும். அது ஓடிய பிடிபி-1 கணினியின் விலை ஏறக்குறைய 120,000 டொலர் என்பதால் கடையில் விற்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. போங்கின் பெருமை அது முதலாவதாக வந்ததில் இல்லை. சாதாரண மக்களிடம் காசு வாங்கி வெற்றி கண்ட முதல் விளையாட்டு என்பதில்தான் இருக்கிறது.

அப்ப இலங்கைக்கு எப்ப வந்தது?

போங் வந்த 1972இல் இலங்கையில் தொலைக்காட்சியே இருக்கவில்லை. சுயாதீன தொலைக்காட்சிச் சேவை 1979இலும் ரூபவாஹினி 1982இலுமே ஒளிபரப்பைத் தொடங்கின. 1977க்குப் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதால் புறக்கோட்டைக் கடைகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன. அவற்றின் பின்னால் பொருத்தக்கூடிய விளையாட்டுக் கருவிகளும் பிறகு வந்தன. ஆகவே உலகம் படிப்படியாகக் கடந்த முதல் பத்தாண்டை நாம் பார்க்கவே இல்லை. நமக்கு வரலாறு நடுவிலிருந்து தொடங்குகிறது.

தொடக்கத்தில இருந்தே சுடுறதும் அடிக்கிறதும் தானா? வேற ஒண்டும் யோசிக்கத் தெரியாதா இவங்களுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாயிடம் நான் முதலில் சதுரங்கத்தைச் சொன்னேன். அந்தப் பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பது. ஆடு புலி ஆட்டத்தில் வெட்டுவதைத் தவிர வேறென்ன இருக்கிறது? போரை விளையாட்டாக்கும் பழக்கத்துக்குக் கணினி காரணமல்ல.

ஆனால் கணினி அந்தப் பழக்கத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வளர்த்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைக்கும்படி கேட்பேன். பழைய இயந்திரங்களுக்கு மிக எளிதாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய விடயம் மோதல். திரையில் இரண்டு புள்ளிகள் ஒரே இடத்துக்கு வந்தனவா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளே உள்ளன; பட்டால் புள்ளி, படாவிட்டால் இல்லை. நட்பு, பேச்சு, வியாபாரம், துக்கம் ஆகியவற்றைக் காட்டுவதற்குச் சொற்களும் முகங்களும் பெரிய நினைவகமும் வேண்டும். அக்காலத்து வீட்டு விளையாட்டுக் கருவிகளில் ஒரு பத்தி எழுத்தைச் சேமிக்கவே இடம் போதவில்லை. 1977இல் அட்டாரி தனது வீட்டு விளையாட்டுக் கருவியுடன் பெட்டிக்குள்ளேயே ஒரு விளையாட்டை வைத்துக் கொடுத்தபோது, அதன் பெயரே ‘கொம்பாட்’, அதாவது போர். தாங்கிகளும் விமானங்களும் சதுரக் கட்டிகளாக ஒன்றையொன்று சுட்டன.

எல்லோரும் அந்த எளிய வழியிலேயே போனார்கள் என்றும் சொல்ல முடியாது. 1980இல் தோரு இவாதானி பெண்களும் விரும்பி ஆட வேண்டும் என்று எண்ணிப் பக்-மனைச் செய்தார். 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்த டெட்ரிஸில் எதிரி என்று ஒருவருமே இல்லை.

காசு போட்டு விளையாடுற மெஷினில ஏன் எப்பவும் கடைசியில தோத்துத்தான் போறம்?

தோற்றால்தான் அடுத்த காசு விழும். போங்கின் முதல் இயந்திரத்தைச் செய்த அலன் அல்கோர்ன் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஒரு மதுச்சாலையில் வைத்த இயந்திரம் சில நாட்களில் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. போய்த் திறந்து பார்த்தால் பழுது எதுவும் இல்லை. காசு நிரம்பி வழிந்து பொறியை அடைத்திருந்தது. அந்த வியாபாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் ஆட்டத்தை முடித்துவைக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலையைச் செய்தவர் எதிரி.

1978இல் தோமோஹிரோ நிஷிகாடோ டைட்டோ நிறுவனத்துக்காகச் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் வரிசை வரிசையாகக் கீழே இறங்குவார்கள். சுடச் சுட மிஞ்சியவர்கள் வேகமாக நகர்வார்கள். அதை அவர் திட்டமிட்டுச் செய்யவில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய அந்தச் சிறு செயலிக்கு வேலை குறைந்து, மிஞ்சியவற்றை வேகமாக வரைந்தது. நிஷிகாடோ அதைக் கண்டு, திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். பிற்காலத்துச் சண்டை விளையாட்டுகள் எல்லாவற்றிலும் உள்ள அந்தக் கடைசி நேரப் பதற்றம் ஓர் இயந்திரத்தின் இயலாமையில் பிறந்தது.

1983இல வீடியோ கேம் தொழிலே செத்துப் போச்சு எண்டு யூடியூபில சொல்லுறாங்களே?

வட அமெரிக்காவில் மட்டும். கண்டவரெல்லாம் கண்டபடி விளையாட்டுகளைச் செய்து கடைகளை நிரப்பியதால் வாங்குவோர் நம்பிக்கை இழந்தனர். ஐந்து வாரங்களில் அவசரமாக எழுதப்பட்ட ஈ.டி. விளையாட்டு அதற்கு அடையாளமாகப் பேசப்படுகிறது. விற்காத அட்டாரிக் கசெட்டுகள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன என்பது நெடுங்காலம் கட்டுக்கதை போலச் சொல்லப்பட்டு, 2014இல் தோண்டியபோது உண்மையென்று தெரியவந்தது. ஆனால் ஒரேயொரு விளையாட்டு ஒரு தொழிலையே விழுத்தியது என்பது மிகைப்படுத்தல்.

அதே 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டென்டோ ஃபமிகொம் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. கொழும்பு வீடுகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கட வீட்டில இருந்த டிவி கேம் நின்டென்டோவா?

பெரும்பாலும் இல்லை. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் இங்கு ‘டிவி கேம்’ என்று விற்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்ட ஃபமிகொம் நகல்கள். உள்ளே இருந்த செயலியும் சித்திரப் பொறியும் மூலத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. கசெட் செருகும் துவாரத்தில் ஜப்பானிய ஃபமிகொமைப் போலவே 60 ஊசிகள். மேற்கத்தைய நாடுகளில் நின்டென்டோ விற்ற கருவியில் 72 ஊசிகள் இருந்ததால், வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய அசல் கசெட் நம்முடைய பெட்டிக்குள் போகவே போகாது. என் வகுப்புத் தோழன் ஒருவன் அப்படி வந்த கசெட் ஒன்றைப் பல ஆண்டுகள் அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘9999 இன் 1’ என்று எழுதியிருந்த கசெட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பட்டியல் நீளமாக ஓடினாலும் உள்ளே இருந்தவை ஒருசில விளையாட்டுகளே. அதே விளையாட்டு மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் ஒரு பெயர், வேறு நிறத்தில் வந்தால் இன்னொரு பெயர். ஆனாலும் ஒரு தலைமுறை கொன்ட்ராவையும் மாரியோவையும் கற்றுக்கொண்டது இந்தப் போலிகளால்தான் என்பதால் எனக்கு அவற்றின்மீது கோபம் வருவதில்லை.

கசெட்டை வாயால ஊதினா ஏன் வேலை செய்தது?

ஊதியதால் அல்ல. ஊதுவதற்காகக் கழற்றி மறுபடியும் செருகினோம் அல்லவா, அதனால். செப்புத் தொடுகைகள் சற்று விலகியோ அழுக்குப் படிந்தோ இருக்கும்போது, இரண்டாம் முறை செருகுகையில் அவை உராய்ந்து சரியான இடத்தில் அமர்ந்தன. வாயிலிருந்து போன ஈரம் காலப்போக்கில் தொடுகைகளை அரிக்கவே செய்தது. நின்டென்டோவே ஊத வேண்டாமென்று எச்சரித்தது. கொழும்பின் கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

துப்பாக்கியால தாராவைச் சுட்டா பட்டது டிவிக்கு எப்படித் தெரியும்? அதுக்குள்ள இருந்து என்ன வருது?

துப்பாக்கிக்குள்ளிருந்து எதுவும் வருவதில்லை. அது சுடும் கருவி அல்ல, பார்க்கும் கருவி. குழலுக்குள் ஒரு வில்லையும் அதன் பின்னால் ஒளியை உணரும் ஒரு சிறு உறுப்பும் உள்ளன. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுவதும் ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரை ஒரு முறை வரையப்படும் நேரத்துக்கு, கறுப்பாகும்; அடுத்த சட்டகத்தில் தாரா இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். கறுப்பு, பின் வெள்ளை என்ற மாற்றத்தைக் குழல் கண்டால் தாரா விழும். இரண்டு தாராக்கள் பறந்தால் வெள்ளைச் சதுரம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தச் சட்டகத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதைக் கொண்டு எது பட்டது என்று கருவி முடிவு செய்யும். கூர்ந்து பார்த்தவர்களுக்கு அந்த மின்னல் போன்ற சிமிட்டல் நினைவிருக்கும்.

முதலில் கறுப்பாக்குவதற்கும் காரணமுண்டு. அது இல்லாவிட்டால் துப்பாக்கியை மின்குமிழை நோக்கிப் பிடித்தே எல்லாத் தாராக்களையும் வீழ்த்திவிடலாம். நாங்கள் முயன்று பார்த்தோம், முடியவில்லை. 1984இல் வந்த இந்த விளையாட்டின் யோசனைகூடப் புதிதல்ல. 1972இல் ரால்ஃப் பெயரின் ஒடிசி என்ற முதல் வீட்டு விளையாட்டுக் கருவிக்கே ஒரு துப்பாக்கி தனியாக விற்கப்பட்டது.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அடிக்கு மேல அடி தொடர்ந்து விழுறதை யார் கண்டுபிடிச்சது?

யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1991இல் கப்கொம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டைச் செய்துகொண்டிருந்தபோது, காரை உடைக்கும் இடைக்கட்டத்தைச் சோதித்தவர்கள் ஒரு குத்தின் அசைவு முடியுமுன் சரியான கணத்தில் அடுத்த குத்தைக் கொடுக்க முடிவதைக் கவனித்தார்கள். மிகக் கடினமான அந்த வழுவைப் பயன்படுத்த ஒருவராலும் முடியாது என்று விட்டுவைத்தார்கள். உலகமெங்கும் பிள்ளைகள் அதைச் செய்து காட்டினார்கள். ‘கொம்போ’ இன்று எல்லாச் சண்டை விளையாட்டுகளுக்கும் அடிப்படை. மேலே சொன்ன ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வேகத்தைப் போலவே, இதுவும் திருத்தாமல் விட்ட தவறு.

பெட்டியில இருக்கிற வயசு நம்பரை யார் போடுறது? எப்ப இருந்து?

1992இல் வந்த மோர்ட்டல் கொம்பாட்டில் உண்மையான நடிகர்களைப் படம்பிடித்து உருவங்களாக்கி, இரத்தத்தைத் தாராளமாகத் தெறிக்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது நின்டென்டோ இரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது; சேகா நிறுவனமோ ஒரு இரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் இரத்தம் வரும்படி விட்டது. கூடுதலாக விற்றது சேகாவுடையது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபை இதுபற்றி விசாரணை நடத்தியது. அரசாங்கம் சட்டம் போடுமுன் தாமே ஏதாவது செய்துவிட வேண்டுமென்று தொழில்துறை 1994இல் தனக்கென வயதுத் தரப்படுத்தல் சபையொன்றை அமைத்துக்கொண்டது.

இங்கு கிடைக்கும் பெட்டிகளில் 3, 7, 12, 16, 18 என்ற எண்கள் இருந்தால் அது 2003இல் தொடங்கிய ஐரோப்பிய முறை. அந்த எண் விளையாட்டு எவ்வளவு கடினம் என்பதைக் குறிப்பதில்லை, உள்ளே இருப்பது எந்த வயதுக்குத் தகும் என்பதையே குறிக்கிறது. ‘என்ட மகன் கெட்டிக்காரன், 18ஐயும் விளையாடுவான்’ என்று ஒரு தந்தை பெருமையாகச் சொன்னபோதுதான் இதை எழுத வேண்டுமென்று தோன்றியது.

கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியிற மாதிரி கேம் எப்ப வந்தது?

அந்த வகையை உலகம் முழுவதும் பரப்பியது 1993 டிசம்பர் 10இல் வெளிவந்த டூம். ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனம் அதன் முதல் பகுதியை இலவசமாக விட்டு, மிச்சத்துக்குக் காசு கேட்டது. கணினிகளை வலையமைப்பில் இணைத்து நான்கு பேர் ஒருவரையொருவர் வேட்டையாடலாம் என்பதால் பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் வலையமைப்புகள் திணறின. இலங்கையில் வணிக அடிப்படையிலான இணையமே 1995இல்தான் தொடங்கியது. டூம் இங்கு நெகிழ்தட்டுகளில் (ஃப்ளொப்பி) கைமாறியது. கடைசித் தட்டு வாசிக்காமல் போனால் மறுபடியும் முதலிலிருந்து பிரதி எடுக்க வேண்டும்.

அமெரிக்க ஆமி கேம் விளையாடித்தான் பயிற்சி எடுக்குது எண்டது உண்மையா?

ஓரளவுக்கு உண்மை, ஆனால் கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்தது. விளையாட்டுக்கும் படைக்குமான உறவு கணினிக்கு முந்தியது. 1824இலேயே பிரஷ்யப் படையதிகாரிகள் வரைபடத்தின்மீது கட்டைகளை நகர்த்தித் தாயக்கட்டை உருட்டிப் போர்ப் பயிற்சி செய்தார்கள். 1980இல் அட்டாரியின் பேட்டில்சோன் என்ற தாங்கி விளையாட்டைக் கண்ட அமெரிக்க இராணுவத் தரப்பு, பிராட்லி கவச வாகனச் சூட்டாளர்களுக்கு அதே போன்ற பயிற்சிக் கருவியைக் கேட்டது. அதை எழுதிய எட் ரொட்பெர்க் தயக்கத்துடனேயே அந்த வேலையைச் செய்தார்; அது மாதிரிகளுடன் நின்றுபோனது. 1996இல் அமெரிக்க மரைன் படையினர் டூம் இரண்டாம் பாகத்தை மாற்றியமைத்து நால்வர் குழுவின் ஒருங்கிணைப்பைப் பழக்கப் பயன்படுத்தினார்கள். குறிபார்த்தலை அது கற்றுத்தரவில்லை. யார் எந்தப் பக்கம் காப்பது, யார் முன்னே போவது என்பதையே கற்றுத்தந்தது.

2002இல் அமெரிக்க இராணுவம் தானே ஒரு விளையாட்டைச் செய்து இலவசமாக வெளியிட்டது. 2022 வரை நடத்தியது. அதன் நோக்கம் பயிற்சியல்ல, ஆட்சேர்ப்பு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

நெட் கஃபே காலத்தில எல்லாரும் ஏன் கவுண்டர் ஸ்ட்ரைக் மட்டும் விளையாடினாங்கள்?

அதற்கு இணையம் தேவைப்படவில்லை. ஒரே அறையிலுள்ள கணினிகளை ஒரு வடத்தால் இணைத்தாலே போதும். இணையத்துக்கு நிமிடக்கணக்கில் கட்டணம் கட்டிய காலத்தில் கடைக்காரருக்கு அது மிகவும் வசதி. 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் ஹாஃப்-லைஃப் விளையாட்டை மாற்றிச் செய்த பொழுதுபோக்கு முயற்சி அது; பின்னர் வால்வ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. இறந்தவர் அந்தச் சுற்று முடியும்வரை பேசாமல் பார்த்திருக்க வேண்டும் என்ற விதிதான் அதன் உயிர். பம்பலப்பிட்டியில் நான் போன அறையில் இறந்தவர்கள் பேசாமல் இருந்ததே இல்லை. ‘மச்சான், பெட்டிக்குப் பின்னால!’ என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்துகொண்டேயிருக்கும்.

பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஒண்டுதானே?

விதி ஒரே மாதிரித்தான்: எல்லோரும் ஒரு தீவில் இறங்குகிறார்கள், எல்லை சுருங்குகிறது, கடைசியில் நிற்பவர் வெல்கிறார். பப்ஜியைச் செய்த பிரெண்டன் கிரீன் முதலில் வேறு விளையாட்டுகளை மாற்றி இந்த வடிவத்தைப் பழக்கினார். 2017இல் பப்ஜி வந்தது, அடுத்த ஆண்டு கைத்தொலைபேசிக்கும் வந்தது. அதில் 100 பேர், ஏறக்குறைய அரை மணித்தியாலம். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்து நிமிடம்; விலை குறைந்த தொலைபேசியிலும் ஓடும்படி செய்யப்பட்டது. எங்கள் பக்கத்தில் இரண்டாவது பரவியதற்கு அதுவே போதுமான விளக்கம்.

இந்தியாவில பப்ஜியைத் தடை செய்தது பிள்ளையள் கெட்டுப் போறதால தானே? இங்கேயும் தடையா?

2020 செப்டெம்பரில் இந்திய மத்திய அரசு பப்ஜியின் கைத்தொலைபேசி வடிவத்தைத் தடை செய்தபோது சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். கூடவே தடை செய்யப்பட்டவற்றில் விளையாட்டுடன் தொடர்பில்லாத சீனச் செயலிகளும் இருந்தன. 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் அதே வழியில் தடைப்பட்டது. வன்முறை அங்கே காரணமாகச் சொல்லப்படவில்லை. அது இந்தியச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட முடிவு. தமிழக யூடியூபர்கள் பேசுவது நமக்கும் பொருந்தும் என்று எண்ணுவதால் வரும் குழப்பமே இது.

இலவசம் எண்டு சொல்லிப்போட்டு எப்படிக் காசு போகுது?

காசு போட்டு ஆடும் இயந்திரம் பற்றி மேலே சொன்னதை மறுபடி பாருங்கள். அங்கே தோற்றவரிடம் காசு வாங்கினார்கள். இங்கே தோற்றத்துக்குக் காசு வாங்குகிறார்கள். உடை, துப்பாக்கியின் நிறம், நடனம் ஆகியவற்றை ‘டயமண்ட்’ என்ற உள்நாணயத்தால் வாங்க வேண்டும். டயமண்டை ரூபாவில் வாங்குவதால் செலவின் அளவு பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டமாகக் கருதி 2018இல் பெல்ஜியம் சட்டவிரோதமாக்கியது. நடைமுறையில் உங்களால் செய்யக்கூடியது: வங்கி அட்டையைப் பிள்ளை பாவிக்கும் கணக்குடன் இணைக்காதீர்கள்.

அந்த வீஆர் (மெய்நிகர்) கண்ணாடியைப் போட்டு விளையாடினா ஏன் தலை சுத்துது?

கண் ‘நீ ஓடுகிறாய்’ என்கிறது; உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு ‘நீ நிற்கிறாய்’ என்கிறது. கப்பலில் வரும் குமட்டலுக்கும் இந்த முரண்பாடே காரணம், திசை மட்டும் மறுபக்கம். தலை திரும்புவதற்கும் படம் திரும்புவதற்கும் இடையிலான தாமதம் கூடினால் இது மோசமாகும். 1968இல் ஐவன் சதர்லண்ட் தலையில் அணியும் முதல் காட்சிக் கருவியைச் செய்தார். அதன் பாரத்தைத் தாங்க அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1991இல் பிரித்தானியாவின் வெர்ச்சுவாலிட்டி நிறுவனம் விளையாட்டு நிலையங்களுக்குக் கொண்டுவந்த கருவிகளில் படம் தட்டுத் தடுமாறியதால் அந்த அலை அடங்கிவிட்டது. கைத்தொலைபேசிகளுக்காகச் செய்யப்பட்ட மெல்லிய திரைகளும் அசைவுணரிகளும் மலிந்த பிறகு, 2012இல் ஒக்குலஸ் அதை மறுபடி தொடங்கியது. கண்ணும் செவியும் முரண்படுவதால்தான் இன்றும் நின்ற இடத்திலேயே நின்று வாளை வீசும் மெய்நிகர் விளையாட்டுகள் ஓடித் திரிபவற்றைவிட வசதியாக இருக்கின்றன. கால் அசையாவிட்டால் செவிக்கும் கண்ணுக்கும் சண்டை இல்லை.

லேசர் டாக்கில உண்மையான லேசரா?

பெரும்பாலும் இல்லை. தொலைக்காட்சியின் தொலை இயக்கியில் உள்ளது போன்ற கீழ்ச்சிவப்பு ஒளிதான் சுடுகிறது; நெஞ்சிலுள்ள உணரி அதைப் பெறுகிறது. வணிக அளவில் அதைத் தொடங்கியது 1984இல் டெக்சாசில்.

இப்படிச் சண்டை கேம் விளையாடினா பிள்ளை முரடனா வருவானா?

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் எடுத்த நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு ஆக்ரோஷ நடத்தைகளுக்கும் சிறியதொரு தொடர்பு காணப்படுகிறது, கொலை, தாக்குதல் போன்ற உண்மையான வன்முறைக்கு விளையாட்டைக் காரணமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. சிறு ஆக்ரோஷத் தொடர்பைக்கூடக் காணாத ஆய்வுகளும் உள்ளன. தோற்ற பிள்ளை தொலைபேசியைக் கட்டிலில் எறிவதை நானும் பார்த்திருக்கிறேன்; கரம்போர்டில் தோற்றவன் ஸ்ட்ரைக்கரை எறிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அப்ப அடிமையாகிறது?

அது வேறு கேள்வி. அதை இலேசாகத் தட்டிவிட மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் விளையாட்டுச் சீர்குலைவைச் சேர்த்திருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டுக்கே முதலிடம், கேடு வந்த பிறகும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்களுக்குக் காணப்பட்டு, படிப்பையும் உறவுகளையும் பாதிக்க வேண்டும். விடுமுறையில் நாள் முழுக்க விளையாடுவது இதில் அடங்காது. மூன்றும் இருந்தால் வைத்தியரிடம் போங்கள். தொலைபேசியைப் பிடுங்கி உடைப்பது வைத்தியம் அல்ல.

தம்பி, வெடிச் சத்தம் கேட்டா எனக்கு இப்பவும் நெஞ்சு பதறும். இவன் அதைக் காசு குடுத்துக் கேக்கிறானே?

கொட்டாஞ்சேனையிலிருந்து பேரனைக் கூட்டிச்செல்ல வரும் ஓர் அம்மா கேட்டது. முதலில் அவருக்குச் செய்து கொடுத்தது ஒரு சிறு உதவி: பேரனுக்குக் காதில் மாட்டும் ஹெட்ஃபோன் ஒன்றைப் போட்டு விளையாடப் பழக்கினோம். நியாயம் பேசுவதற்கு முன் சத்தம் நிற்க வேண்டும்.

கேள்விக்கான விடை நேரானதல்ல. போர் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை துப்பாக்கி பிடித்தவரின் கண்ணால் காட்டப்படுபவை. வீட்டுக்குள் பதுங்கியவரின் கண்ணால் அல்ல. அடிபட்டவர் சில வினாடிகளில் எழுந்து வருகிறார். பதுங்கியவரையும் அடிபட்டவரின் வலியையும் காட்டாததற்குப் பழைய காரணம் நினைவகம் போதாமை என்று மேலே சொன்னேன். இன்று அந்தச் சாக்கு இல்லை. 2014இல் போலந்தின் 11 பிட் நிறுவனம், போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையை மனதில் வைத்து, ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ என்ற விளையாட்டைச் செய்தது. அதில் நீங்கள் படைவீரர் அல்ல. இடிந்த வீட்டில் மருந்தும் உணவும் தேடும் பொதுமக்கள். முதியவர்களின் வீட்டில் திருடினால் உங்கள் ஆட்கள் மனமுடைந்து படுத்துவிடுவார்கள். 2020இல் போலந்து அரசு அதை உயர்வகுப்பு மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. அந்த அம்மாவின் பேரனுக்கு இன்னும் வயது போதாது. அவனுடைய அண்ணன் விளையாடினான். இரண்டாம் நாள் இரவு அம்மம்மாவிடம், எண்பத்து மூன்றில் நீங்கள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்டானாம்.

இதை ஸ்போர்ட்ஸ் எண்டு சொல்லுறது நியாயமா?

போட்டி என்பது புதிதல்ல. 1972 ஒக்டோபரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்பேஸ்வோர் போட்டி நடந்தது. பரிசு ஒரு சஞ்சிகையின் ஓராண்டுச் சந்தா. தென்கொரியாவில் 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கணினி அறைகள் பெருகி, அடுத்த ஆண்டு வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற விளையாட்டு தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் அளவுக்கு வளர்ந்தது. 2018 ஆசிய விளையாட்டு விழாவில் கண்காட்சிப் போட்டியாகவும், 2023இல் ஹங்சோவில் பதக்கப் போட்டியாகவும் இலத்திரனியல் விளையாட்டுகள் இடம்பெற்றன. இலங்கையில் விளையாட்டுத்துறை அமைச்சின் அங்கீகாரம் 2019இல் கிடைத்தது. உயர்தரப் பரீட்சையைக் கைவிட அது காரணமாகாது என்பதையும் கேட்பவரிடம் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய டிவி கேமைத் தேடி எடுத்திட்டன். எல்லாம் ஓடுது, துப்பாக்கி மட்டும் சுடுதில்லை. பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. தாரா பற்றிய விடையில் சொன்ன கறுப்பு, வெள்ளை மாற்றத்தைக் கருவி மிகக் குறுகிய நேரத்துக்குள் எதிர்பார்க்கிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சி, சமிக்ஞை வந்த கணத்திலேயே திரையில் கோடு கோடாக வரைந்தது. இன்றைய தட்டைத் திரை ஒவ்வொரு சட்டகத்தையும் முதலில் வாங்கி வைத்து, பெரிதாக்கி, பிறகே காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் திரையில் தோன்றும்போது கருவி ‘படவில்லை’ என்று தீர்ப்புச் சொல்லி முடித்திருக்கும். போதாதற்கு, குழாய்த் திரையின் மிக வேகமான துடிப்பை மட்டுமே ஒளியாக ஏற்கும்படி துப்பாக்கிக்குள் ஒரு வடிகட்டியும் உண்டு.

ஆகவே துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பின்பக்கம் பெருத்த பழைய தொலைக்காட்சி ஒன்றைத் தேடுங்கள். தொலைக்காட்சி திருத்தும் கடைகளில் கேட்டால் மூலையில் தூசியோடு ஒன்று இருக்கும். அனேகமாக அதன் மேல் வேறு ஏதாவது சாமான் அடுக்கியிருப்பார்கள். தூக்குவதற்கு இரண்டு பேர் போங்கள்.